டாக்டர் அம்மா பதில்கள்: கானவாகே ஸ்பெஷல்

போன இதழில் ஒரு வாசகர், "சர்க்கரை நோயைத் தடுக்க ஒரு ஊரே சேர்ந்து வேலை செய்த உதாரணம் எங்காவது உண்டா?" என்று கேட்டிருந்தார். கனடாவில் கானவாகே என்ற ஊரின் மோஹாக் பழங்குடி மக்கள் 1994இலிருந்து அதைச் செய்துகொண்டிருக்கிறார்கள் என்று நாலு வரி எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். விட்டீர்களா நீங்கள்? வந்த கடிதங்களில் பாதி கானவாகே பற்றித்தான். மருத்துவக் கல்லூரியில் சமூக மருத்துவம் நடத்திய காலத்தில் வருஷா வருஷம் மாணவர்களுக்குச் சொன்ன கதை இது. வாயைக் கிளறிவிட்டீர்கள், இனி லேசில் நிறுத்த மாட்டேன். மூட்டுவலிக்காரர்கள் பொறுத்துக்கொள்ளவும், உங்கள் முறை அடுத்த இதழில்.

கேள்வி: கானவாகே எங்கே இருக்கிறது? சர்க்கரை நோயைப் பற்றி அவர்களுக்கு எப்படி யோசனை வந்தது? (பள்ளி ஆசிரியை, ஈரோடு)

மாண்ட்ரியால் நகரத்தை ஒட்டி, செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் தென்கரையில் இருக்கிறது. பழங்குடி என்றதும் காடு, குடிசை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். ஏழெட்டாயிரம் பேர் வாழும் ஊர். பள்ளிக்கூடம், மருத்துவமனை, வானொலி நிலையம், வாரப் பத்திரிகை எல்லாம் உண்டு. நியூயார்க்கின் உயரமான கட்டடங்களுக்கு இரும்புச் சட்டம் ஏற்றிய கைகளில் இந்த ஊர்க்காரர்களின் கைகள் நிறைய. அந்த வேலைக்கு அவர்கள் கொடுத்த விலையும் பெரிது. 1907இல் கியூபெக் பாலம் கட்டிக்கொண்டிருக்கும்போதே இடிந்து விழுந்ததில், இந்த ஒரே ஊரைச் சேர்ந்த 33 ஆண்கள் இறந்துபோனார்கள்.

1950களில் இன்னொரு அடி. பெரிய கப்பல்கள் உள்நாட்டு ஏரிகள்வரை போக வேண்டும் என்று செயின்ட் லாரன்ஸ் கப்பல் கால்வாயைத் தோண்டியது கனடா அரசு. அதற்காக இவர்களுடைய நிலத்தில் ஆயிரம் ஏக்கருக்கு மேல் எடுத்துக்கொண்டது. கால்வாய் ஊருக்கும் ஆற்றுக்கும் நடுவில் வந்துவிட்டது. தலைமுறை தலைமுறையாக மீன் பிடித்து, நீந்தி வளர்ந்தவர்களுக்கு ஆறு பக்கத்திலேயே இருந்தும் எட்டாமல் போனது. சர்க்கரை நோயைப் பற்றிப் பேசும்போது கால்வாயை எதற்கு இழுக்கிறேன் என்று கேட்பீர்கள். உடல் உழைப்பு குறைந்துவிட்டது என்று நாங்கள் டாக்டர்கள் சுலபமாக எழுதிவிடுவோம். அது தானாகக் குறையவில்லை என்பதற்காகச் சொன்னேன்.

இந்த ஊர் மருத்துவமனையின் பெயர் கத்தேரி நினைவு மருத்துவமனை. அங்கே இரண்டு குடும்ப மருத்துவர்கள். ஒருவர் லூயி மோண்டூர், அவரும் மோஹாக்தான். இன்னொருவர் ஆன் மெக்காலே, வெளியிலிருந்து வந்து அந்த ஊரிலேயே ஊன்றிவிட்டவர். வருகிற நோயாளிகளில் சர்க்கரைக்காரர்கள் கூடிக்கொண்டே போகிறார்களே என்று பழைய நோயாளிக் குறிப்பேடுகளை எடுத்து உட்கார்ந்து எண்ணினார்கள். 45 முதல் 64 வயதுக்காரர்களில் 12 சதவீதம் பேருக்கு இரண்டாம் வகை நீரிழிவு. கனடாவின் பொதுமக்களோடு ஒப்பிட்டால் இரண்டு மடங்கு. 1985இல் இது மருத்துவ இதழில் வெளியானது.

பொதுவாகக் கதை இந்த இடத்தில் முடிந்துவிடும். கட்டுரை வந்தாயிற்று, பெயர் வந்தாயிற்று. இவர்கள் இருவரும் அந்தக் கணக்கைத் தூக்கிக்கொண்டு ஊர்க்காரர்களிடமே போனார்கள். கூட்டம் கூட்டமாக விளக்கிச் சொன்னார்கள். அதுவரை ஊரில் பலருக்கு, சர்க்கரை நோய் வயதானால் வந்தே தீரும் என்ற எண்ணம். தடுக்கலாம் என்று கேட்டதும் பெரியவர்களின் கவனம் பிள்ளைகள் பக்கம் திரும்பியது. சின்னவர்களுக்கு வராமல் இருக்க ஏதாவது செய்யுங்கள் என்று அவர்கள்தான் கேட்டார்கள். அப்படிப் பிறந்ததுதான் 1994இல் தொடங்கிய கானவாகே பள்ளிகள் நீரிழிவுத் தடுப்புத் திட்டம். டாக்டர்கள் ஊரைத் தேடிப்போய்த் திட்டத்தைத் திணிக்கவில்லை. ஊர் கேட்டது, இவர்கள் சேர்ந்துகொண்டார்கள். இதை மறக்காமல் மற்ற பதில்களைப் படியுங்கள்.

கேள்வி: அமெரிக்கப் பூர்வகுடிகளுக்கு மரபணுவிலேயே சர்க்கரை இருக்கிறது என்று படித்திருக்கிறேன். ரத்தத்தில் இருப்பதை யாரால் தடுக்க முடியும்? (தஞ்சாவூர் வாசகர்)

நீங்கள் படித்தது 'சிக்கன மரபணு' என்ற கருத்து. ஜேம்ஸ் நீல் என்ற மரபியலாளர் 1962இல் சொன்னது. பஞ்ச காலத்தில் கொழுப்பைச் சேமித்துவைக்க உதவிய மரபணு, சாப்பாடு தாராளமாகக் கிடைக்கும் காலத்தில் எதிரியாகிவிடுகிறது என்பது சாரம். கேட்க அழகாக இருக்கும். அதனாலேயே பாடப்புத்தகத்திலும் டீக்கடையிலும் ஒட்டிக்கொண்டது. பிற்காலத்தில் நீலே இதை மறுபரிசீலனை செய்தார் என்பதை ஒருவரும் சொல்வதில்லை.

பரம்பரைக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் பீமா என்ற பழங்குடி மக்களைப் பாருங்கள். அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு பகுதியினர், எல்லைக்கு அந்தப்பக்கம் மெக்சிகோ மலையில் இன்னொரு பகுதியினர். நெருங்கிய உறவினம். 2006இல் வெளியான ஆய்வில் அரிசோனா பீமாக்களில் 38 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். மெக்சிகோ பீமாக்களில் 6.9 சதவீதம். ஒரே வம்சம், ஐந்து மடங்குக்கும் மேல் வித்தியாசம்!

அரிசோனாக்காரர்கள் என்ன பாவம் செய்தார்கள்? அவர்கள் கீலா ஆற்றுத் தண்ணீரில் வாய்க்கால் வெட்டி விவசாயம் பார்த்தவர்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆற்றின் மேல்பக்கம் வந்து குடியேறியவர்கள் தண்ணீரைத் திருப்பிக்கொண்டார்கள். வயல் காய்ந்தது, பட்டினி வந்தது. பிறகு அரசாங்கம் ரேஷனில் வெள்ளை மாவும் பன்றிக் கொழுப்பும் சர்க்கரையும் கொடுத்தது. தண்ணீர் உரிமையில் ஒரு தீர்வு வர 2004ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. காவிரிக் கடைமடைக்காரர் உங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையிருக்காது.

கேள்வி: 'மக்கள் பங்கேற்பு' என்று எல்லாத் திட்ட அறிக்கையிலும் ஒரு அத்தியாயம் இருக்கிறது மேடம். இதில் மட்டும் அப்படி என்ன புதுசு? (மருத்துவ மாணவர், மதுரை)

நல்ல கேள்வி தம்பி. நமக்குத் தெரிந்த 'பங்கேற்பு' என்னவென்றால், நாம் பந்தல் போடுவோம், அவர்கள் வந்து உட்கார்ந்து கை தட்ட வேண்டும். கானவாகேயில் பந்தலே அவர்களுடையது.

பின்னணியைச் சொல்கிறேன். 1990ஆம் வருஷக் கோடையில் பக்கத்து ஓகா நகரத்தில், மோஹாக் மக்களின் இடுகாடு உள்ள இடத்தில் கோல்ஃப் மைதானத்தை விரிவாக்கப் பார்த்தார்கள். கானேசதாகே என்ற இன்னொரு மோஹாக் ஊர் மறித்தது. அவர்களுக்கு ஆதரவாகக் கானவாகே, மாண்ட்ரியாலுக்குப் போகும் மெர்சியர் பாலத்தை மூடியது. 78 நாள் நடந்த போராட்டம், ராணுவமே வந்தது. ஊரைவிட்டு வெளியேறிய முதியவர்களும் பெண்களும் குழந்தைகளும் போன கார்கள்மீது வெளியே நின்ற கூட்டம் கல்லெறிந்தது. அது நடந்து நாலே வருஷத்தில் மெக்கில் பல்கலைக்கழகமும் மாண்ட்ரியால் பல்கலைக்கழகமும் ஆராய்ச்சி என்று வந்தால், காபி கொடுத்து உட்காரச் சொல்வார்களா?

அதனால் முதலில் விதிமுறை எழுதினார்கள். ஊர், ஊரிலேயே வேலை பார்க்கும் ஆய்வாளர்கள், பல்கலைக்கழக ஆய்வாளர்கள் என்று மூன்று தரப்பு. 1995இல் ஆய்வு நெறிமுறை ஒன்றில் மூவரும் உடன்பட்டார்கள். ஒவ்வொரு தரப்புக்கும் என்ன கடமை, என்ன உரிமை, தகவல் யார் கையில் இருக்கும் என்றெல்லாம் அதில் எழுதிவைத்தார்கள். ஆய்வு முடிவை வெளியே சொல்வதற்கு முன்னால் ஊருக்குச் சொல்ல வேண்டும். எனக்கு ரொம்பப் பிடித்த விதி இது: முடிவுக்குப் பொருள் சொல்வதில் தரப்புகளுக்குள் கருத்து வேறுபாடு வந்தால், ஒருவர் இன்னொருவரின் வாயை அடைக்க முடியாது. மாற்றுக் கருத்தையும் சேர்த்து வெளியிட வேண்டும். ஊருக்கும் சங்கடமான முடிவை மறைக்க அதிகாரமில்லை, பேராசிரியருக்கும் ஊரின் குரலை அழிக்க அதிகாரமில்லை.

நிர்வாகத்துக்குச் சமுதாய ஆலோசனைக் குழு. சம்பளம் கிடையாது. ஆசிரியர், செவிலியர், விளையாட்டுப் பொறுப்பாளர், கடைக்காரர் எனப் பலரும் அதில் உட்கார்ந்தார்கள். கூட்டம் தொடங்கும்போது மனிதர்களில் ஆரம்பித்து, பூமி, நீர், மீன், செடி, பறவை, காற்று, சூரியன், நிலா என ஒவ்வொன்றுக்கும் நன்றி சொல்லும் ஹோடினோஷோனி (மோஹாக் மக்களும் சேர்ந்த பழங்குடிக் கூட்டமைப்பு) மரபு உரை. பிறகு வேலை. கையைத் தூக்கி வாக்கெடுக்கும் வழக்கமில்லை, எல்லோரும் ஒத்துவரும்வரை பேச்சுதான். அவசரக்காரர்களுக்கு அங்கே உட்கார்ந்தால் ரத்தக்கொதிப்பு வந்துவிடும்.

அலெக்ஸ் மெக்கோம்பர் என்றொருவர். ஊர் உயர்நிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்த மோஹாக். திட்டத்தில் சேர்ந்து, நடத்தி, பிற்காலத்தில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். திட்டத்தில் ஊட்டச்சத்துப் பணியாளராக இருந்த ட்ரீனா டெலோர்மியரும் அதே ஊர், அவரும் இன்று பேராசிரியர். ஆய்வுக்கு உள்ளான ஊரிலிருந்தே ஆய்வாளர்கள் வந்துவிட்டார்கள். உன் திட்ட அறிக்கையின் அத்தியாயத்தில் இது உண்டா பார்.

பணியில் இருந்தபோது ஒரு மலைக்கிராமத்துக்கு ரத்த மாதிரி எடுக்கும் குழுவோடு போயிருந்தேன். கையை நீட்டிக்கொண்டே ஒரு பாட்டி கேட்டார், "போன வருசமும் வந்து எடுத்தாகளே, அதுல என்ன இருந்துச்சாம்?" கூட வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்தப் பழைய கணக்கு எந்த அலமாரியில் இருக்கிறது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அடுத்த வாரம் வகுப்பில் கானவாகே விதிமுறையை நடத்தும்போது இந்தப் பாட்டியைத்தான் உதாரணம் சொன்னேன்.

கேள்வி: பள்ளியில் என்னதான் செய்தார்கள்? என் பையன் டிபன் பாக்ஸைத் திறந்தால் காய் அப்படியே திரும்பி வருகிறது. (இல்லத்தரசி, கோவில்பட்டி)

அங்கேயும் திரும்பித்தான் வந்திருக்கும், கவலைப்படாதீர்கள்.

ஒன்றாம் வகுப்பு முதல் ஆறாம் வகுப்புவரை சுகாதாரப் பாடம். வருஷத்துக்குப் பத்து வகுப்பு, ஒவ்வொன்றும் 45 நிமிடம். மருத்துவமனைச் செவிலியர்களும் ஊட்டச்சத்து நிபுணரும் எழுதியது, ஆனால் வகுப்பெடுத்தது பிள்ளைகளுக்குப் பழகிய அந்தந்த ஆசிரியர்களே. உடம்பு எப்படி வேலை செய்கிறது, என்ன சாப்பிடலாம், ஓடியாடுவது எதற்கு, சர்க்கரை நோய் என்றால் என்ன என்பதெல்லாம் பாடம். தாத்தாவுக்கு ஏன் காலை எடுத்தார்கள் என்று வீட்டில் யாரும் சொல்லாததைப் பள்ளியில் தெரிந்துகொள்கிற பிள்ளைகள் அந்த ஊரில் இருந்திருப்பார்கள்.

அதோடு பள்ளிகளில் உணவு விதி. சிப்ஸ், மிட்டாய், கோலாவுக்கு வாசலிலேயே தடை. டப்பாவில் மட்டுமில்லை, பள்ளி விழாவுக்கும் அதே விதி. சண்டை பெரும்பாலும் இந்த விழா விஷயத்தில்தான் வரும் என்பது என் அனுபவம். பிறந்தநாள் சாக்லேட்டை நிறுத்தச் சொல்லி ஒரு பள்ளி ஆசிரியர்-பெற்றோர் கூட்டத்தில் நான் பேசியபோது, கொலைக்குற்றவாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

பள்ளி மணி அடித்த பிறகும் பிள்ளை ஊருக்குள்தானே இருக்கப் போகிறான்? அதனால் ஊர் வானொலியில் பேச்சு, உள்ளூர்ப் பத்திரிகையில் எழுத்து, குடும்பத்தோடு நடக்கும் நிகழ்ச்சிகள், சமையல் வகுப்புகள். ஊருக்குள் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் பாதை போட வேண்டும் என்று திட்டக்காரர்கள் முனைந்து நின்றார்கள், பாதையும் வந்தது. எனக்கு இதில் இந்தப் பாதைதான் பெரிது. "தினமும் நடங்கள்" என்று மருந்துச்சீட்டில் எழுத அரை நொடி போதும். எங்கே நடப்பது என்பதற்குப் பதில் சொல்ல வருஷக்கணக்கில் குழு கூட வேண்டியிருக்கிறது.

உங்கள் பையன் விஷயத்துக்கு வருகிறேன். காயைத் தனியாக வைக்காமல் சப்பாத்திக்குள் உருட்டி வையுங்கள், கொஞ்ச நாள் பார்ப்போம்.

கேள்வி: நாம் இப்போது வரகு, சாமை என்று திரும்புகிறோம். அவர்களும் பாட்டன் சாப்பாட்டுக்குத் திரும்பித்தான் ஜெயித்தார்களா? (இயற்கை விவசாயி, நாகர்கோவில்)

ஜெயித்தார்களா என்பது அடுத்த கேள்வியில். சாப்பாட்டைச் சொல்கிறேன், எனக்கே நாக்கு ஊறுகிறது.

சோளம் என்று நாம் சொல்லும் வெள்ளைச் சோளமில்லை, அவர்களுடையது மக்காச்சோளம். அதோடு பீன்ஸ், பூசணி. மூன்றையும் ஒரே குழியில் சேர்த்து நடுவார்கள். பீன்ஸ் கொடி மக்காச்சோளத் தண்டில் ஏறும், பூசணி இலை படர்ந்து மண்ணை மூடும். 'மூன்று சகோதரிகள்' என்றே அவற்றுக்குப் பெயர். ஊடுபயிர் போடும் உங்களுக்கு இது புதிதில்லை.

இதில் அவர்கள் செய்யும் மக்காச்சோள ரொட்டி ஒன்று. முற்றிக் காய்ந்த வெள்ளை மக்காச்சோளத்தை மரச்சாம்பல் கலந்த தண்ணீரில் வேகவைப்பார்கள். தோல் கழன்று வரும். கூடையில் கொட்டி, சாம்பல் வாடை போகும்வரை நன்றாக அலசி எடுத்து, அரைத்து, வேகவைத்த சிவப்பு பீன்ஸைப் போட்டு, வெந்நீர் ஊற்றிப் பிசைவார்கள். தட்டையாக வட்டம் தட்டி, கொதிக்கிற தண்ணீரில் போட்டால் வெந்து மேலே மிதந்து வரும். ரொட்டி என்று பெயர்தானே தவிர, நம் கொழுக்கட்டைக்குத்தான் சொந்தம். சாம்பல் சும்மா தோலுரிக்க மட்டும் இல்லை. மக்காச்சோளத்திலுள்ள நியாசின் என்ற வைட்டமின் உடம்பில் சேர அந்தக் காரத்தன்மை வேண்டும். ஐரோப்பியர்கள் மக்காச்சோளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு சாம்பலை விட்டுவிட்டார்கள். அதையே நம்பிப் பிழைத்த ஏழைகள் பெலாக்ரா என்ற நோயில் தோல் உரிந்து, புத்தி பேதலித்துச் செத்தார்கள்.

ஆனால் ஐயா, பாட்டன் சாப்பாடு என்று சொல்லிவிட்டு எதை வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் தின்னலாம் என்று ஆகிவிடக் கூடாது. கானவாகேயில் ஞாயிற்றுக்கிழமை இந்த ரொட்டியோடு வைத்துச் சாப்பிடுவது மாட்டிறைச்சித் துண்டமும் குழம்பும்! நம் ஊரில் சாமைப் பாயசத்தில் அரைக் கிலோ வெல்லம் போட்டுவிட்டு 'ஆர்கானிக்' என்கிறார்கள். திட்டத்தில் பழைய உணவுக்கும் தோட்டத்துக்கும் மரியாதை உண்டு, ஆனால் அது ஒன்றே மருந்து என்று அவர்கள் கூவி விற்கவில்லை. வரகும் மாவுச்சத்துதான், அளவு பார்த்துச் சாப்பிடுங்கள்.

கேள்வி: சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள் டாக்டர். பலன் கிடைத்ததா இல்லையா? (ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், சென்னை)

வங்கிக்காரர் அல்லவா, வரவு செலவைக் கேட்கிறீர்கள். கொடுத்துவிடுகிறேன்.

முதல் இரண்டு வருஷம் ஒன்டாரியோ மாகாணத்திலுள்ள டையண்டினாகா என்ற இன்னொரு மோஹாக் ஊரின் பிள்ளைகளோடு ஒப்பிட்டார்கள். தோலடிக் கொழுப்பு கூடும் வேகம் கானவாகேயில் கொஞ்சம் குறைந்திருந்தது. உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கில் வித்தியாசம் இல்லை. 1994 முதல் 2002வரை பார்த்தால், கொழுப்பும் சர்க்கரையும் மிகுந்த தீனிகளைப் பிள்ளைகள் சாப்பிடுவது குறைந்திருந்தது. நல்ல சேதி. பழம், காய்கறி சாப்பிடுவதும் குறைந்திருந்தது. கெட்ட சேதி. ஓட்டம், விளையாட்டு, தொலைக்காட்சி நேரம் எல்லாம் 1999வரை நல்ல திசையில் போய், 2002இல் பழைய நிலைக்குச் சரிந்தன. எடை கூடிக்கொண்டே இருந்தது. இவ்வளவையும் 2005இல் குழந்தை மருத்துவ இதழ் ஒன்றில் அவர்களே வெளியிட்டார்கள்.

"அப்போ ஃபெயிலா மேடம்?" என்று வகுப்பில் கடைசி பெஞ்சிலிருந்து குரல் வரும். நான் சொல்லும் பதிலை உங்களுக்கும் சொல்கிறேன். அந்த வருஷங்களில் வட அமெரிக்கா முழுக்கப் பிள்ளைகள் குண்டாகிக்கொண்டிருந்தார்கள். கோலா கம்பெனியின் விளம்பரச் செலவுக்கு முன்னால் வருஷத்துக்குப் பத்து வகுப்பு எம்மாத்திரம்? பள்ளி வாசலைத் தாண்டினால் பாலத்துக்கு அந்தப்பக்கம் மாண்ட்ரியால். ஊர் தன் கைக்கு எட்டியதை மாற்றியது. எட்டாதது நிறைய இருந்தது.

அதனால் எடையைக் குறைத்தார்களா என்றால் இல்லை. எட்டு வருஷக் கணக்கில் இப்படி வந்தால் நம் ஊரில் என்ன செய்வோம்? கோப்பை மூடிவிட்டு வேறு பெயரில் வேறு திட்டம் தொடங்குவோம். அவர்கள் மூடவில்லை. 2024இல் முப்பது வருஷம் முடிந்தது. மற்ற பழங்குடி ஊர்களிலிருந்து வருபவர்களுக்கு, ஊரைத் திரட்டுவது எப்படி என்று பயிற்சியும் கொடுக்கிறார்கள். வைப்புநிதி மாதிரி முதிர்வுத் தேதி கேட்காதீர்கள், இந்தக் கணக்கு அவர்களுடைய பேரப்பிள்ளைகள் பெயரில் இருக்கிறது.

கேள்வி: பணம் யார் கொடுத்தது? (திருப்பூர்)

முதல் மூன்று வருஷம் கனடா மத்திய அரசின் சுகாதார ஆய்வு நிதி. 1997இல் அது முடிந்தது. பெரும்பாலான திட்டங்கள் செத்துப்போகும் நாள் அதுதான். ஊர் அமைப்புகளும் தனியார் அறக்கட்டளைகளும் கொடுத்துக் காப்பாற்றினார்கள். 2001இல் மறுபடி ஆய்வு நிதி வந்தது.

கேள்வி: டொக்டர் அம்மாவுக்கு வணக்கம். நாங்கள் மொன்றியலில் கனகாலமாக இருக்கிறோம். மெர்சியர் பாலத்தால் போகும்போது அந்த ஊருக்குள்ளால்தான் போறது. றோட்டோரத்துச் சிகரெட் கடைகளைத் தவிர ஒன்றும் எங்களுக்குத் தெரியாது. உள்ளே போய்ப் பார்க்கலாமோ? (ஒரு வாசகி)

தாராளமாகப் போகலாம் அம்மா. ஒவ்வொரு ஜூலையிலும் அங்கே பவ்வாவ் என்ற ஆட்டபாட்டத் திருவிழா நடக்கும், வெளியாட்களும் போகலாம். பறை கேட்டு வளர்ந்த காதுக்கு அந்த முரசு பிடிக்கும். ஆடுபவர்களின் உடையைத் தொட்டுப் பார்க்காதீர்கள், படம் எடுக்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள். மக்காச்சோள ரொட்டி கிடைத்தால் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு எப்படி இருந்தது என்று எனக்கு எழுதுங்கள், நான் செய்முறையை மட்டும்தான் அறிவேன். ஆராய்ச்சிக் கேள்வி எதுவும் கேட்க வேண்டாம். அவர்கள் நிறையப் பார்த்துவிட்டார்கள்.

கேள்வி: உங்களுக்குச் சர்க்கரை உண்டா டாக்டர்? மறைக்காமல் சொல்லவும். (பெயர் வேண்டாம், கும்பகோணம்)

உண்டு. அம்மா வழிச் சொத்து. ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) ஏழுக்குக் கீழே இருக்கிறது, தீபாவளி மாதம் தவிர. உங்கள் ஊர் டிகிரி காபியை மட்டும் சர்க்கரையோடுதான் குடிப்பேன், அரை டம்ளர்.

கேள்வி: எங்கள் குடியிருப்போர் சங்கம் சார்பில் சர்க்கரை நோய் முகாம் நடத்தப் போகிறோம். கானவாகே வழியில் நாங்கள் என்ன செய்யலாம்? (சங்கச் செயலாளர், திருச்சி)

முகாம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். முகாமோடு நிறுத்தினால் பேனர் காசு வீண்.

தடுப்பு நம் உடம்புக்கும் ஆகிற காரியம்தான். சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழு 531 பேரை வைத்து நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006இல் வெளியானது. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்தவர்களுக்கு நடையும் உணவு மாற்றமும் மட்டும் கொடுத்ததில், நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை கொடுத்தவர்களுக்கு 26.4 சதவீதம் குறைந்தது. ஆக, வழி தெரியும். தெருவில் அதை யார் செய்வது என்பதுதான் கேள்வி.

முகாமில் எடுக்கும் கணக்கைச் சங்க அலமாரியில் பூட்டாதீர்கள். பெயர்களை வெளியே விடாமல், நம் தெருவில் இத்தனை பேரைப் பரிசோதித்தோம், இத்தனை பேருக்கு இருக்கிறது, இத்தனை பேர் விளிம்பில் என்று பொதுக்குழுவில் படித்துச் சொல்லுங்கள். அப்புறம் வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். முக்கியமாகப் பெண்களையும், வீட்டு வேலைக்கு வருபவர்களையும், வாட்ச்மேனையும் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். நாய்க்குப் பயந்து காலையில் நடப்பதில்லை என்பார்கள். பார்க் எட்டு மணிக்குத்தான் திறக்கிறது என்பார்கள். சங்கக் கூட்டத்திலேயே ஜாங்கிரியும் மிக்சரும் கொடுத்தால் வேறென்ன ஆகும் என்று யாராவது ஒரு அம்மா கேட்பார். அந்த அம்மாவைக் குழுவில் போடுங்கள்.

டாக்டர் யாராவது வேண்டுமென்றால் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார வையுங்கள், தலைமை கொடுக்காதீர்கள். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பார்க் சாவி யாரிடம் இருக்கிறது என்பதை இந்த வாரமே விசாரியுங்கள்.

மற்றவர்களுக்கு: அடுத்த இதழ் மூட்டுவலிக்கு. வயது, எடை, என்னென்ன மாத்திரை எடுக்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். "அந்த வெள்ளை மாத்திரை" என்று எழுதினால் என்னால் கண்டுபிடிக்க முடியாது.